ஐஸ்லாந்து தென்கரை, 5 இரவு, நாமே கார் ஓட்டி: இந்தத் திட்டம் தாங்குமா?

குன்றுநிழல்:

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் நடுவில் ஐஸ்லாந்து போகிறோம். மொத்தம் நாலு பேர். அதில் அம்மாவுக்கு வயது 66, முழங்கால் வலி உண்டு. சமதரையில் 3 கி.மீ. வரை நடப்பார், படி ஏறுவது கஷ்டம். வண்டி ஓட்டப்போவது இரண்டு பேர். இருவருக்கும் நம் ஊர் போல இடது பக்கம் ஓட்டித்தான் பழக்கம்.

விமானம் கெஃப்லாவிக்கில் மாலை 4 மணிக்கு இறங்குகிறது. ஆறாம் நாள் காலை 10 மணிக்குத் திரும்பும் விமானம். இடையில் முழுசாக 4 நாள்தான் கையில் இருக்கிறது. இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் திட்டம்: இறங்கியதும் காரை எடுத்து அன்று இரவே செல்ஃபோஸ் வரை போவது, அப்புறம் நம்பர் 1 ரோடில் தீவையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவது. வரைபடத்தில் 1,300 கி.மீ. சொச்சம் காட்டுகிறது. ஒரு நாளைக்கு 330 கி.மீ. என்றால் முடியாத காரியமாகத் தெரியவில்லை. திங்வெட்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றையும் பார்க்க வேண்டும் என்று ஆசை.

என் சந்தேகங்கள்:
- சுற்று முடியுமா, இல்லை தென்கரையோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?
- நாலு சக்கர இழுவை உள்ள வண்டிதான் வேண்டுமா?
- இன்சூரன்ஸ் பட்டியலில் ஏழெட்டு வகை இருக்கிறது. எது அவசியம், எது வீண்?
- வலது பக்கம் ஓட்டுவதில் எங்கே தப்பு நடக்கும்?

அறைகளை இந்த வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடகாற்று:

வணக்கம். சுற்றை விட்டுவிடுங்கள். 330 கி.மீ. என்ற கணக்கில் தப்பில்லை, ஆனால் ஐஸ்லாந்தில் ஒரு நாளை முடிவு செய்வது தூரம் இல்லை, காற்று. செப்டம்பர் பாதியிலிருந்து இலையுதிர்காலப் புயல்கள் வரத் தொடங்கும். ஒரு புயல் வந்தால் ரோட்டை அரை நாளோ ஒரு நாளோ மூடிவிடுவார்கள். சுற்றில் பாதி போன பிறகு மூடினால் முன்னால் 650, பின்னால் 650. எந்தப் பக்கமும் விமானத்தைப் பிடிக்க முடியாது. தென்கரையில் போன வழியிலேயே திரும்புகிறீர்கள்; எந்த இடத்திலும் ஒரு நாளைக் கழித்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம். அதோடு, நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் திங்வெட்லிர், கெய்சிர், குல்ஃபோஸ் மூன்றுமே நம்பர் 1 ரோடில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கின்றன. சுற்றில் அதற்கே ஒரு நாள் போய்விடும்.

தூரங்களை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து வீக் என்ற ஊர் 187 கி.மீ. அங்கிருந்து கிர்க்யுபாயார்க்ளோய்ஸ்துர் (எல்லோரும் ‘க்ளோய்ஸ்துர்’ என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்) 70 சொச்சம். அங்கிருந்து ஸ்காஃப்டாஃபெல் என்ற பனிப்பாறைப் பூங்கா இன்னொரு 70. அதிலிருந்து யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரி 57. வேக வரம்பு தார் ரோடில் 90, ஆனால் நின்று நின்று போவதால் சராசரி 65, 70க்கு மேல் வராது.

என் பரிந்துரை:

முதல் இரவு: கார் எடுக்கவே வேண்டாம். கெஃப்லாவிக்கில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுங்கள். 4 மணிக்கு இறங்கினால் பெட்டி, வரிசை, வாடகை அலுவலகப் பேப்பர் எல்லாம் முடிய 6 ஆகும். இரவு முழுக்க விமானத்தில் தூங்காத ஆள், பழகாத பக்கம், இருட்டப்போகும் நேரம், முதல் முறை ஸ்டியரிங். இந்த நாலும் ஒன்றாகச் சேரக் கூடாது. ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

2ஆம் நாள்: காலை 8 மணிக்குக் காரை எடுத்து திங்வெட்லிர், கெய்சிர், குல்ஃபோஸ் பார்த்துவிட்டு, ஃப்லூதிர் வழியாக இறங்கி ஹ்வோல்ஸ்வோட்லுரில் தங்கல். சுமார் 260 கி.மீ. திங்வெட்லிரில் வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் விலகும் பிளவுக்குள்ளேயே பாதை போகிறது. மேல் பார்க்கிங்கில் நிறுத்தினால் அம்மாவுக்கு இறக்கம் மட்டும்தான், நீங்கள் ஒருவர் மட்டும் வண்டியைக் கீழே கொண்டுபோய்விடலாம். கெய்சிரில் இன்று பொங்குவது பெரிய கெய்சிர் இல்லை, பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரோக்கூர். 5 முதல் 10 நிமிஷத்துக்கு ஒரு முறை எழும்பும். காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, அதாவது காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். இல்லாவிட்டால் வெந்நீர்ச் சாரல் உங்கள் மேல்தான் விழும்.

அன்று மாலை வெளிச்சம் மிச்சம் இருந்தால் ஹ்வோல்ஸ்வோட்லுரிலிருந்து 20 கி.மீ. தள்ளி இருக்கும் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸுக்கு அன்றைக்கே போய்விடுங்கள். அருவி மேற்கு பார்த்தது. காலையில் போனால் பாறையின் நிழலில் கிடக்கும். மாலை வெயிலில்தான் அது அருவி. செப்டம்பர் நடுவில் சூரியன் 8 மணி சுமாருக்கு மறையும், காலை 7க்கு முன்பே உதிக்கும். பகல் தாராளமாக 13 மணி நேரம் இருக்கிறது.

3ஆம் நாள்: ஸ்கோகாஃபோஸ் பார்த்துவிட்டு வீக் தாண்டி க்ளோய்ஸ்துர். 150 சொச்சம்தான். ஸ்கோகாஃபோஸ் 60 மீட்டர் உயரம், 25 மீட்டர் அகலம். அடிவாரம் வரை சமமான சரளைத் தரை, அம்மா அருவியின் வாசலுக்கே போகலாம். பக்கத்தில் இருக்கும் 500 சொச்சம் படியை மறந்துவிடுங்கள். மேலே இருந்து பார்ப்பதைவிடக் கீழேதான் அழகு.

4ஆம் நாள்: க்ளோய்ஸ்துரிலிருந்து யோகுல்சார்லோன் போய்த் திரும்புவது. போக 125, வர 125. அதே அறையில் இரண்டாவது இரவு.

5ஆம் நாள்: ஃப்யாத்ரார்க்லூஃபுர் பள்ளத்தாக்கு, டிர்ஹோலேய் கடல்முனை, ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரை பார்த்துக்கொண்டே கெஃப்லாவிக். 310 கி.மீ. இதுதான் நீளமான நாள், காலை 8க்குள் கிளம்ப வேண்டும்.

க்ளோய்ஸ்துரில் இரண்டு இரவு போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போகும் பாதை ஸ்கேய்தாரார்சாண்துர் என்ற கருமணல் வெளியைக் கடக்கிறது. மரம் கிடையாது, மேடு கிடையாது. காற்று கிளம்பினால் மணலை வாரி அடிக்கும். இரண்டு இரவு இருந்தால் 3ஆம் நாள் பின்மதியமும் 4ஆம் நாளும் என்று இரண்டு வாய்ப்பு உங்களுக்கு. 3ஆம் நாள் காற்று அடங்கி, 4ஆம் நாளுக்கு எச்சரிக்கை இருந்தால், ஸ்கோகாஃபோஸை அரை மணியில் முடித்துக்கொண்டு நேரே ஏரிக்கு ஓடிவிடுங்கள். மற்றதெல்லாம் திரும்பும்போது அதே ரோடில் காத்திருக்கும். அறை ஒரே ஊரில் இருப்பதால் எதையும் ரத்து செய்ய வேண்டியதில்லை.

அந்த மணல்வெளியில் ஸ்காஃப்டாஃபெல்லுக்குச் சற்று முன்னால் ரோட்டோரம் முறுக்கிப்போன இரும்பு உத்தரங்கள் இரண்டு கிடக்கும். 1996-இல் வட்னயோகுல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் ஒரே அடியாக வெளியே பாய்ந்தபோது உடைந்த பாலத்தின் மிச்சம் அது. வண்டியை நிறுத்திப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஆள் உயர இரும்பு, ஈரத்துணி பிழிந்த மாதிரி திரும்பியிருக்கும். இந்த நிலம் எப்படிப்பட்டது என்பதை எந்தப் பலகையைவிடவும் அது நன்றாகச் சொல்லும்.

ஏழாம்கியர்:

வடகாற்று சொன்ன திட்டம் நல்ல திட்டம். நான் வண்டி, இன்சூரன்ஸ் பத்தி மட்டும் சொல்றேன்.

நாலு சக்கர இழுவை இந்தப் பாதைக்குத் தேவையில்லை. அது கட்டாயம் வேணும்கிறது எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் மலைப்பாதைகளுக்குத்தான். உங்க திட்டத்தில் அப்படி ஒரு ரோடும் இல்லை. செப்டம்பர் நடுவில் கரையோரத்தில் பனி விழுவதும் அபூர்வம். இன்னொண்ணு, உயரமான வண்டி பாதுகாப்புன்னு நினைச்சு எடுக்காதீங்க. காற்றுக்கு முன்னால இழுவை எத்தனை சக்கரத்தில் இருந்தா என்ன, பக்கவாட்டுப் பரப்புதான் கணக்கு. உயரமான வேனைவிட தாழ்வான ஸ்டேஷன் வேகன் ரோட்டைப் பிடிச்சு நிக்கும். நாலு பேர், நாலு பெரிய பெட்டின்னா சின்ன கார் டிக்கி பத்தாது. பெட்டியைப் பின்சீட்டில் மடியில வச்சுக்கிட்டு 4 நாள் போக முடியாது. அதனால ஸ்டேஷன் வேகன், ஆட்டோமேட்டிக். கியர் வண்டி எடுத்தா வலது கையால கியர் போடணும். ஸ்டியரிங் இடது பக்கம், ரோடு வலது பக்கம், கியரும் மாறினா மூளைக்கு ஒரே நேரத்தில் மூணு வேலை.

இன்சூரன்ஸ்: மோதல் சேதத்துக்கான அடிப்படைப் பாதுகாப்பு வாடகையிலேயே சேர்ந்திருக்கும். ஆனா அதில் ‘உங்க பங்கு’ன்னு ஒரு பெரிய தொகை இருக்கும், அந்த அளவு வரை சேதம் உங்க கையிலிருந்துதான். அதைக் குறைக்கிற மேல்பாதுகாப்பை வாங்குங்க. அடுத்து சரளைக்கல் பாதுகாப்பு. எதிரே வர்ற வண்டி தெறிக்கிற கல் முன்கண்ணாடியில பட்டு நட்சத்திரம் மாதிரி விரிசல் விடறது இங்கே தினசரி சமாச்சாரம். அதுவும் அவசியம்.

மணல், சாம்பல் பாதுகாப்பு பலரும் வேண்டாம்னு விடறது. நீங்க விடாதீங்க. மிர்டால்சாண்துர், ஸ்கேய்தாரார்சாண்துர்னு இரண்டு மணல்வெளியைக் கடக்கப் போறீங்க, அதுவும் போக, வர. மணற்காற்றில் அரை மணி நேரம் மாட்டினா பெயின்ட் சாணைக்கல்லுல தேய்ச்ச மாதிரி மங்கிடும், கண்ணாடி பால் நிறமாயிடும். மொத்த வண்டிக்கும் பெயின்ட் அடிக்கிற பில் வரும். எரிமலைப் பாறை நொறுங்கின மணல் அது, நம்ம கடற்கரை மணல் மாதிரி உருண்டை இல்ல, ஒவ்வொரு துகளும் கூர்.

எந்த இன்சூரன்ஸும் பொதுவா காப்பாத்தாத விஷயங்கள்: ஆத்தைக் கடக்கும்போது தண்ணி புகுந்தது, வண்டி அடிப்பகுதி அடிபட்டது, தவறான எரிபொருள் போட்டது, காற்று பிடுங்கின கதவு.

கதவு விஷயம்தான் நம்ம ஆட்கள் யாரும் எதிர்பார்க்காதது. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது கதவோட கொக்கியை விடுவிச்ச அடுத்த நொடி, காற்று அதைப் பாய்மரம் மாதிரி பிடிச்சு முழுசா முன்பக்கம் மடக்கிடும். கீல் வளைஞ்சு, கதவு விளிம்பு முன் மட்கார்டில் இடிச்சு ரெண்டுமே நசுங்கும். அப்புறம் அந்தக் கதவு மூடாது, அன்றைய பயணமே நின்னுபோகும். தவிர்க்கும் முறை இது: பார்க்கிங்கில் வண்டி மூக்கைக் காற்று வர்ற திசைக்கு நேரா நிறுத்துங்க. கொடி, புல், எது ஆடுதுன்னு பார்த்தா திசை தெரியும். ஒரு கை கைப்பிடியில, இன்னொரு கை கதவு விளிம்பில. முதல்ல நாலு விரல் அகலம் மட்டும் திறங்க, காற்றோட இழுப்பைக் கையில உணருங்க, அப்புறம் மெதுவா. ஒரு நேரத்தில் ஒரு கதவு. முன்கதவும் பின்கதவும் சேர்ந்து திறந்தா உள்ளே புகுந்த காற்று இன்னொண்ணைத் தள்ளிவிடும். அம்மா கதவை எப்பவும் நீங்க வெளியே இருந்து பிடிச்சுத் திறந்து விடுங்க.

வண்டி எடுக்கும்போது வீடியோ எடுங்க. முன்கண்ணாடியை ஓரம் வரை, நாலு சக்கர விளிம்பு, கூரை, அப்புறம் ஒவ்வொரு கதவையும் திறந்து கீல் பக்கம். கதவுக்கும் உடம்புக்கும் நடுவுல இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. சீரா இல்லேன்னா முன்னாடியே காற்று பிடிச்ச கதவு, அங்கேயே எழுதி வாங்குங்க. டிக்கி அடியில ஸ்டெப்னி இருக்கா, இல்ல பங்க்சர் மருந்து டப்பா மட்டும் இருக்கான்னும் பாருங்க. கிலோமீட்டர் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, தனியா வருமான்னும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கோங்க.

கடன் அட்டை ஓட்டுநர் பெயரில் இருக்கணும். நம்ம ஊர் வங்கிகளில் சர்வதேசப் பரிவர்த்தனை இயல்பா மூடியே இருக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி செயலியில் திறந்து வச்சுடுங்க. நாலு இலக்க ரகசிய எண் மனசில இருக்கணும், பங்க்கில் அது இல்லாம வேலை ஆகாது.

சரளைச்சாலை:

ஓட்டும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாலாவது கேள்விதான் உண்மையில் முதல் கேள்வி.

வலது பக்கம் ஓட்டுவது போக்குவரத்து இருக்கும்போது கஷ்டமே இல்லை, முன்னால் போகிற வண்டி வழிகாட்டும். தப்பு நடப்பது ஆளில்லாத இடத்தில். பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, அருவி பார்க்கிங்கிலிருந்து காலி ரோடில் ஏறும்போது, காலையில் முதல் முறை வண்டி எடுக்கும்போது. கை தானாக இடது பக்கம் இழுக்கும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாலாம் நாளும் சொல்ல வேண்டும். பழகிவிட்டது என்று நினைக்கும் நாளில்தான் கவனம் தளரும்.

இன்னொரு தப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஓட்டுநர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பதால், நம் பழக்கத்தில் உடம்பை ரோட்டின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைக்கப் பார்ப்போம். விளைவு, வண்டி மொத்தமும் வலது ஓரத்துக்கு நகரும். ஐஸ்லாந்து ரோடுகள் சுற்றுத் தரையைவிட உயரமாகக் கரை கட்டிப் போட்டவை. பல இடங்களில் வெள்ளைக் கோட்டுக்கு அப்புறம் தோள்பட்டை (வண்டி ஒதுங்கும் ஓர இடம்) கிடையாது, சரிவு மட்டும்தான். வலது சக்கரம் இறங்கிவிட்டால் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்து ஏற்றாதீர்கள். வண்டி புரள்வது அப்போதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் குறைந்த பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

ரவுண்டானா: இரட்டைப் பாதை ரவுண்டானாவில் ஐஸ்லாந்துக்கு என்று ஒரு விதி உண்டு. உள்வட்டத்தில் இருப்பவர் வெளியேறும்போது அவருக்குத்தான் முன்னுரிமை, வெளிவட்டத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும். முதல் வெளியேற்றத்திலேயே போகப்போகிறீர்கள் என்றால் மட்டும் வெளிவட்டம், மற்றபடி உள்வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெய்க்யாவிக், செல்ஃபோஸ் பக்கம்தான் இது வரும்.

ஒற்றைப் பாதைப் பாலம்: ‘ஐன்பிரெய்த் ப்ரூ’ என்று பலகை இருக்கும். பாலத்துக்கு முதலில் நெருங்கியவர் போகலாம் என்பது வழக்கம், ஆனால் எதிரே வருபவர் நிற்பாரா என்பது அவர் கையில். வேகம் குறைத்து, எதிர்முனையைப் பார்த்து, சந்தேகம் வந்தால் நின்றுவிடுங்கள். யோகுல்சார்லோன் ஏரியின் வாயில் இருப்பதும் ஒற்றைப் பாலம்தான், அங்கே நடந்துபோகிறவர்களும் கண்ணை ஏரியில் வைத்துக்கொண்டே குறுக்கே வருவார்கள்.

‘ப்ளிண்ட்ஹைத்’ என்றால் மறுபக்கம் தெரியாத மேடு. வலது ஓரமாக, வேகம் தணித்து ஏறுங்கள். ‘மால்பிக் எண்டார்’ என்றால் தார் முடிகிறது. பலகையைப் பார்த்ததும் தாரின் மேலேயே வேகத்தை இறக்குங்கள். சரளையில் ஏறிய பிறகு பிரேக் மிதித்தால் டயர் உருளைக்கல் மேல் மிதக்கும். சரளை ரோடு வரம்பு 80, என் கணக்கில் வாடகை வண்டிக்கு 50, 60 போதும். ஊருக்குள் 50.

முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும், சட்டம். ‘ஆட்டோ’ நிலையில் பின்விளக்கு பகலில் எரியாத வண்டிகள் உண்டு, கையால் போட்டுவிடுங்கள்.

செப்டம்பரில் மலையில் மேய்ந்த ஆடுகளைக் கீழே ஓட்டி வருவார்கள். ஆடு ரோட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றால் வேகத்தைச் சுத்தமாகக் குறையுங்கள். குட்டி தாயிருக்கும் பக்கம் பாயும்.

படம் எடுக்க ரோட்டில் நிறுத்துவது கூடவே கூடாது. தோள்பட்டை இல்லாத ரோடு என்று சொன்னேன் அல்லவா, நீங்கள் நின்றால் ஒரு பாதையே அடைபடும். வீக்குக்கும் க்ளோய்ஸ்துருக்கும் நடுவில் பாசி மூடிய எரிமலைக் குழம்பு வெளி வரும். 1783-இல் லாகி பிளவு கக்கியது. பச்சை மெத்தை மாதிரி இருக்கும் அந்தப் பாசியில் பதிந்த கால்தடம் மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்கென்று பார்க்கிங்கும் பாதையும் போட்டிருக்கிறார்கள், அங்கே மட்டும் இறங்குங்கள். ரோட்டை விட்டு வண்டியை ஓரடி இறக்கி ஓட்டினாலும் குற்றம், அபராதம் கடுமை.

உரிமம்: அசல் லைசென்ஸ், கூடவே ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, இரண்டும் இருவருக்கும். அனுமதி ஒரு வருஷம் செல்லும். இரண்டாவது ஓட்டுநர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஓட்டும்போது இன்சூரன்ஸ் இல்லை என்று அர்த்தம்.

குன்றுநிழல்:

மிக்க நன்றி. சுற்றைக் கைவிட்டாயிற்று. க்ளோய்ஸ்துரில் இரண்டு இரவும், கெஃப்லாவிக்கில் முதல் இரவும் கடைசி இரவும் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சில: காற்று அதிகம் என்பதை எந்த எண்ணில் முடிவு செய்வது? பெட்ரோல் எங்கே போட வேண்டும்? ரெய்னிஸ்ஃப்யாரா ஆபத்து என்கிறார்களே, அம்மாவை அழைத்துப் போகலாமா? ஸ்காஃப்டாஃபெல்லில் அவருக்கு ஏதாவது உண்டா? வடதுருவ ஒளி தெரியுமா?

வடகாற்று:

காற்று: ஐஸ்லாந்தில் எல்லாமே விநாடிக்கு எத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கி.மீ. 10 என்றால் 36, அங்கே சாதாரண நாள். 15 என்றால் 54. ஓட்டலாம், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், கதவு விஷயத்தில் எச்சரிக்கை. 20 என்றால் 72. பழகாதவர் அறையிலேயே இருப்பது நல்லது. 25 என்றால் 90. ஊர்க்காரரே எடுக்க மாட்டார்.

இதில் ஒரு நுணுக்கம். முன்னறிவிப்பில் பெரிதாகத் தெரிவது சராசரி. உங்களைத் தள்ளுவது சராசரி இல்லை, இடையிடையே வரும் வீச்சு. மலையிலிருந்து வடக்குக் காற்று இறங்கும்போது சராசரி 15 இருக்கும், வீச்சு 30ஐத் தொடும். செல்யாலாண்ட்ஸ்ஃபோஸுக்கும் ஸ்கோகருக்கும் நடுவில் எய்யஃப்யாட்லயோகுல் (2010-இல் ஐரோப்பா விமானங்களையெல்லாம் நிறுத்திய அதே மலை) அடிவாரத்திலும், ஸ்காஃப்டாஃபெல்லைத் தாண்டி ஓரைஃபி பகுதியிலும் இப்படித்தான். அமைதியாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், மலையின் ஒரு மூலை தாண்டியதும் பக்கவாட்டில் அடி விழும்.

தினமும் இரண்டு வேளை, இரவு படுக்கும் முன்பும் காலை கிளம்பும் முன்பும், இரண்டு தளங்களைப் பாருங்கள்: வானிலைக்கு வேதுர் டாட் ஐஎஸ் (vedur.is), ரோடு நிலைக்கு உம்ஃபெர்தின் டாட் ஐஎஸ் (umferdin.is). முதலாவதில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வரும். மஞ்சள் என்றால் திட்டத்தைத் திருத்து, ஆரஞ்சு என்றால் கிளம்பாதே என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் ரோட்டோரக் கருவிகள் அப்போது அளக்கும் காற்றும் வீச்சும், கேமரா படமும் தெரியும். ஆபத்துக்கு எண் 112. அதன் செயலியைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும். ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் 2023 டிசம்பரிலிருந்து கிரிண்டாவிக் என்ற ஊர்ப் பக்கம் எரிமலைப் பிளவுகள் அடிக்கடி திறந்திருக்கின்றன. விமான நிலையம் இயங்கும், ஆனால் ப்ளூ லகூன் என்ற வெந்நீர்க் குளத்தின் பக்கத்து ரோடுகளை மூடுவார்கள். போகும் எண்ணம் இருந்தால் அன்று காலை பார்த்துவிட்டுப் போங்கள்.

ரெய்னிஸ்ஃப்யாரா: அழைத்துப் போகலாம், மணலில் இறங்காமல். அங்கே அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு சின்ன அலை வந்து கரையில் உறங்கும், அடுத்தது எந்தச் சத்தமும் இல்லாமல் 20, 30 மீட்டர் உள்ளே ஏறும். காரணம், தெற்கே அண்டார்க்டிகா வரை தடுக்க நிலமே இல்லை; திறந்த கடலின் முழு வேகமும் செங்குத்தான கரையில் வந்து விழுகிறது. முழங்கால் அளவு தண்ணீர் போதும், கால் கீழே இருக்கும் சரளை மணல் நகர்ந்து ஆளை உள்ளே இழுத்துவிடும். நீர் உறைய வைக்கும் குளிர். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன, நீச்சல் தெரிந்தவர்களும் அதில் உண்டு. பார்க்கிங்கிலிருந்து இறங்கும் இடத்தில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. சிவப்பு எரிந்தால் மேலே இருந்தே பாருங்கள். மஞ்சள் என்றால் ஈரமான மணலுக்கு 30 மீட்டராவது இந்தப் பக்கம். கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு படம்கூட வேண்டாம். தூண் தூணாக நிற்கும் பசால்ட் பாறைக் குகைப்பக்கம் போகாதீர்கள், அலை வந்தால் பின்னால் சுவர், ஓட இடமில்லை.

அம்மாவுக்கு இதைவிட டிர்ஹோலேய் கீழ்ப் பார்க்கிங் நல்லது. அங்கிருந்து அதே கரை முழுக்கத் தெரியும், நடை சொற்பம். மேல் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் பாதை செங்குத்து, வளைவு கூர்மை, காற்று நாளில் வேண்டாம்.

ஸ்காஃப்டாஃபெல்: எல்லோரும் போவது ஸ்வார்ட்டிஃபோஸ் அருவி, ஒரு வழி 1.5 கி.மீ. சொச்சம், முழுக்க ஏற்றம். அம்மாவோடு ஒருவர் ஸ்காஃப்டாஃபெல்ஸ்யோகுல் பனிநாக்கு வரை போகும் பாதையை எடுக்கலாம். போக வர 3.7 கி.மீ., ஏறக்குறைய சமதரை. முடிந்த தூரம் போய்த் திரும்பினாலும் பனிப்பாறை கண்ணெதிரே இருக்கும். அதன் மேல் கால் வைப்பது வழிகாட்டியோடு மட்டும். பனிக்குகைகளும் அப்படித்தான், அவை குளிர்காலத்துக்கு உரியவை. 2024 ஆகஸ்டில் ப்ரெய்தாமெர்குர்யோகுல் பனிப்பாறையில் பனி சரிந்து ஒருவர் இறந்தார். செப்டம்பரில் யாராவது அழைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யோகுல்சார்லோனில் ஏரிக்கரையிலேயே பார்க்கிங், அம்மா வண்டியை விட்டு இறங்கி பத்தடி நடந்தால் போதும். கட்டிகளில் நீலமாக இருப்பது அண்மையில் உடைந்தது அல்லது புரண்டது: அழுத்தத்தில் காற்றுக்குமிழ் நசுங்கிப்போன பனி. கறுப்புக் கோடுகள் பழைய எரிமலைச் சாம்பல். எதிரே கடற்கரையில் கட்டிகள் ஒதுங்குவது கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது, சில நாள் ஒன்றுகூட இருக்காது. அப்படி இருந்தால் மனம் தளராமல் 10 கி.மீ. மேற்கே ஃப்யாட்ல்சார்லோனில் நில்லுங்கள். சின்ன ஏரி, பனிச்சுவர் பக்கத்தில், கூட்டம் குறைவு. கரையில் ஒதுங்கிய கட்டி மேல் ஏறக் கூடாது, அடியில் கரைந்திருக்கும், உருளும்.

ஒளி: செப்டம்பர் நல்ல மாதம், இரவு 10க்கு மேல் வானம் இருட்டாகும். வேதுர் தளத்தில் மேகப் படம் உண்டு: வெள்ளை என்றால் தெளிவு, பச்சை என்றால் மேகம். ஒளியின் அளவு எண்ணைவிட இந்த வெள்ளைத் திட்டுதான் முக்கியம். க்ளோய்ஸ்துர் சின்ன ஊர், விளக்கு குறைவு, விடுதி வாசலிலிருந்தே பார்க்கலாம். அதைத் தேடி இரவில் வண்டி எடுக்காதீர்கள்.

ஏழாம்கியர்:

பெட்ரோலுக்கு ஒரே விதி: டேங்க் பாதி ஆனதும் போடுங்க. வீக், க்ளோய்ஸ்துர், ஸ்காஃப்டாஃபெல் பக்கத்தில் ஃப்ரெய்ஸ்னெஸ், இந்த மூணு இடம் போதும். ஃப்ரெய்ஸ்னெஸ் தாண்டினா கிழக்கே ஹொப்ன் ஊர் வரை 130 கி.மீ.க்கு மேல ஒண்ணும் நம்பாதீங்க. பல பங்க்கில் ஆள் கிடையாது. அட்டையைச் செருகி, ரகசிய எண் போட்டு, பம்ப் எண்ணைத் தேர்ந்தெடுக்கணும். ‘முழு டேங்க்’னு அழுத்தினா பெரிய தொகையை முன்கூட்டியே பிடிச்சு வச்சுக்கும், மீதி திரும்ப சில நாள் ஆகும். அட்டை வரம்பு குறைவா இருந்தா அடுத்த பங்க்கில் அட்டை மறுக்கும். அதனால 8,000, 10,000 குரோனான்னு தொகையைச் சொல்லிப் போடுங்க. பெட்ரோல் ‘பென்சின் 95’, டீசல் ‘டீசெல்’. குழாயோட நிறத்தை நம்பாம எரிபொருள் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற எழுத்தைப் பார்த்துட்டுப் போடுங்க.

பார்க்கிங்: திங்வெட்லிர், செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ், ரெய்னிஸ்ஃப்யாரா, ஃப்யாத்ரார்க்லூஃபுர், ஸ்காஃப்டாஃபெல், யோகுல்சார்லோன், எல்லாமே காசு. தடுப்புக் கட்டை இருக்காது, அதனால இலவசம்னு நினைச்சுடுவாங்க. கேமரா நம்பர் பிளேட்டைப் படிச்சுடும். ‘பார்கா’ மாதிரி செயலியில வண்டி எண்ணைப் பதிஞ்சு அங்கேயே கட்டிடுங்க. விட்டா வாடகை நிறுவனம் அபராதமும் அதுக்கு மேல தன் கட்டணமும் சேர்த்து ரெண்டு வாரம் கழிச்சு அட்டையில எடுக்கும்.

குடை எடுத்துட்டுப் போகாதீங்க, முதல் அருவியிலேயே கம்பி மட்டும் மிஞ்சும். மேலுக்கும் காலுக்கும் மழைத்துணி, வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ. செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் பின்னால சுத்தி வர்ற பாதை ஈரப்பாறை, அங்கே படியும் உண்டு. அம்மா முன்பக்கத்திலேயே இருக்கட்டும். குழாய்த் தண்ணி அருமையா இருக்கும், பாட்டில் வாங்க வேண்டாம். வெந்நீர்க் குழாயில கந்தக வாடை வந்தா பயப்படாதீங்க, குடிக்கிறதுக்குக் குளிர்நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிங்க.

சரளைச்சாலை:

5ஆம் நாளுக்கு ஒரு சின்னத் திருத்தம். கடைசி இரவு கெஃப்லாவிக் என்பதால், அன்று காற்று எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே முடிவு எடுக்க வேண்டியிருக்கும். 4ஆம் நாள் இரவு 9 மணிக்கு இரண்டு தளத்தையும் பாருங்கள். மறுநாள் பிற்பகல் மோசம் என்றால் ஃப்யாத்ரார்க்லூஃபுரை விட்டுவிட்டு விடியற்காலை கிளம்பி, காற்று எழும்பும் முன் ஹெல்லிஸ்ஹெய்தி மேட்டைத் தாண்டிவிடுங்கள். செல்ஃபோஸுக்கும் ரெய்க்யாவிக்குக்கும் நடுவில் ரோடு மூடினால் முதலில் மூடுவது அந்த மேடுதான். அது மூடியிருந்தால் தெற்கே கடலோரமாக 427ஆம் எண் ரோடு கிரிண்டாவிக் பக்கம் போகிறது. எரிமலை நிலவரம் காரணமாக அதுவும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே திருப்புங்கள். வண்டியைத் திருப்பித் தருவதை அன்று மாலையே முடித்துவிட்டால், காலை விமானத்துக்கு நிம்மதியாகப் போகலாம்.